'நார்தர்ன் லைட்ஸ்': மின்சாரத்துக்கு இன்னொரு பெயர்

பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' 1995இல் வெளியானது. அமெரிக்காவில் இதன் பெயர் 'த கோல்டன் காம்பஸ்'. இளையோருக்கான மிகைபுனைவில் சொல்லை வைத்தே உலகத்தைக் கட்டிய நாவல் எது என்று கேட்டால், தயங்காமல் இதை எடுத்துக் கொடுக்கலாம்.

வாயில் நுழையாத பெயர்களைக் குவிப்பது புல்மனின் வழியல்ல. இருக்கிற சொல்லின் வேரைப் பிடித்து, வரலாறு வேறு பக்கம் திரும்பியிருந்தால் அது எப்படிக் கிளைத்திருக்கும் என்று பார்க்கிறார். நாவலின் நாயகியான சிறுமி லைராவின் உலகில் எரிவது 'ஆன்பாரிக்' விளக்கு. எலக்ட்ரிசிட்டி என்ற சொல், ஆம்பருக்கான (இறுகிக் கல்லான மரப்பிசின்) கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. ஆம்பர் என்ற சொல்லுக்கோ 'அன்பர்' என்ற அரபுச் சொல்தான் மூலம். தமிழில் நாம் மின்னலிலிருந்து மின்சாரம் என்ற சொல்லை எடுத்தோம். அவர்கள் அரபு வேரிலிருந்து எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இயற்பியலை அங்கே 'பரிசோதனை இறையியல்' என்கிறார்கள். அதிகாரம் திருச்சபையின் கையில் இருப்பதைச் சொல்ல அந்த இரண்டு சொல் போதும்.

முதல் வாக்கியத்திலேயே லைராவோடு அவளுடைய டீமனும் வந்துவிடுகிறது, விளக்கம் ஏதுமில்லாமல். உடனே இணையத்தில் பொருள் தேடாதீர்கள். சிறுவர்களின் டீமன் உருமாறிக்கொண்டே இருப்பதும், பெரியவர்களுடையது ஒரே உருவில் நிலைத்துவிடுவதும் காட்சிகளின் வழியே தானாகப் புரியும். முன்பே தெரிந்துகொண்டால், பின்னால் வரும் கொடூரம் பாதி வலியோடு கடந்துபோய்விடும்.

கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லும் கருவியான அலெத்தியோமீட்டர்தான் நாவலின் உச்சம். 36 சின்னங்கள், கேள்வியை அமைக்க மூன்று முட்கள், பதில் சொல்ல நான்காவது. நங்கூரம் என்றால் முதலில் நம்பிக்கை, அடுத்து உறுதி, பிறகு தடை, நான்காவதாகத்தான் கடல். ஒரு சொல்லுக்குள் பொருள் அடுக்கடுக்காய் இருப்பதை ஒரு கருவியாகவே செய்து காட்டியிருக்கிறார்!

குறை ஒன்று உண்டு. கதையில் வானிலிருந்து பொழியும் மர்மத் துகளான 'டஸ்ட்' உண்மையில் என்ன என்பது கடைசிப் பகுதியில் நீண்ட உரையாடலாகக் கொட்டப்படுகிறது. அதுவரை இருந்த நிதானம் அங்கே இல்லை. அந்தச் சொல் ஆதியாகமத்திலிருந்து வருவதால், தமிழில் யோசித்துப் படிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'நீ மண்ணாயிருக்கிறாய்' என்றிருக்கிறது. தூசு என்று நினைத்தால் வேதத் தொடர்பு அறுந்துபோகும். மண் என்று நினைத்தால் வானிலிருந்து பொழியும் துகள் கண்ணுக்குத் தெரியாது. 'டஸ்ட்' என்றே வைத்துக்கொண்டு படியுங்கள்.