ஷராக்கு மறுபதிப்பு வாங்குகிறீர்களா? முதலில் தாளின் முதுகைக் காட்டச் சொல்லுங்கள்

ஜப்பானின் கபுகி நாடக நடிகர் படங்களில் அசல் என்று யாராவது விற்க வந்தால் எல்லோரும் உஷாராகிவிடுவோம். மறுபதிப்பு என்றால் அந்தச் சந்தேகம் வருவதில்லை. அங்கேதான் கை வைக்கிறார்கள்.

டோக்கியோ விற்பனையாளர் ஒருவரிடம் இணைய ஏலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு மரக்கட்டை அச்சு ஓவியர் ஷராக்கு வரைந்த ‘மூன்றாம் ஓதானி ஒனிஜி’ என்ற நடிகரின் படத்தை எடுத்தேன். 1794 மே மாதம் கவராஸகி அரங்கில் நடந்த நாடகத்தின் எதோபே வேடம். விரல்களை விரித்து முறைக்கும் அந்த முகம்தான். ‘போருக்கு முந்தைய மரக்கட்டை மறுபதிப்பு, கையால் அச்சிட்டது’ என்று போட்டிருந்தார். விலை 28,000 யென். அதாச்சி, தகாமிஸாவா போன்ற பட்டறைகள் புதிதாகக் கட்டை செதுக்கி அச்சிட்ட நல்ல தாள்கள் உண்மையிலேயே இருப்பதால், விலையும் நம்பும்படியே இருந்தது.

பின்பக்கப் படம் கேட்டேன். பிரேமைக் கழற்றினால் தாள் கிழிந்துவிடும் என்றார். மரக்கட்டை அச்சு இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதியும் கொடுத்தார்.

வந்ததும் ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன். ஷராக்குவின் முதல் வரிசையில் வந்த, முகத்தைப் பெரிதாகக் காட்டும் படங்கள் 28-க்கும் பின்புலம் காக்காப்பொன் (மைக்கா) பூச்சு. நல்ல மறுபதிப்பிலும் அது இருக்கும். சாய்க்கச் சாய்க்க வெள்ளி மினுக்கம் நகரும். இதில் வெறும் சாம்பல் மை. லென்ஸில் பார்த்தால் கன்னம் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள், அதாவது ஆஃப்செட் என்ற இயந்திர அச்சு. மரக்கட்டையில் நிறம் புள்ளியாக உடையாது. ஓரத்துப் பழுப்புக் கறையும் புள்ளிதான், பூச்சி அரித்த ஓட்டையும் புள்ளிதான்! பழைய தாள் ஒன்றைப் படமெடுத்து, அதன் முதுமையையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்.

பிரேமைக் கழற்றினேன். தாளை அட்டையில் முழுசாகப் பசை போட்டு ஒட்டியிருந்தது. கையால் அச்சிட்ட தாளின் பின்னால் சாயம் ஊறித் தெரியும், தாளைக் கட்டைமேல் அழுத்தும் தேய்ப்பானின் வட்டத் தடங்கள் இருக்கும். அதையெல்லாம் மறைக்கத்தான் பசை. நாலு ஓரமும் வெட்டியிருந்தது. பட்டறை முத்திரை பெரும்பாலும் இருக்கிற இடமே அதுதான். வழக்கமான அளவு சுமார் 39 × 26 செ.மீ. இது அகலத்திலும் உயரத்திலும் குறைவு.

ஷராக்குவின் கையொப்பம், தணிக்கை முத்திரை, பதிப்பாளர் த்ஸுதாயாவின் சின்னம் எல்லாம் படத்தில் இருக்கின்றனவே என்று யாரும் சமாதானம் ஆகவேண்டாம். படத்தை நகலெடுத்தால் அவையும் கூடவே வந்துவிடும்.

விற்றவருக்கு எழுதினேன். நாளானால் காக்காப்பொன் உதிரும் என்றார். சரி, உதிரட்டும், புள்ளி எப்படி முளைக்கும்? பெரிதாக்கிய படங்களை அனுப்பினேன். “பிரேமைப் பிரித்துவிட்டீர்கள், இனி திருப்பி எடுக்க முடியாது” என்று பதில் வந்தது. எழுதிக் கொடுத்ததை எடுத்துக் காட்டியதும் பேச்சு நின்றுவிட்டது. ஏலத் தளத்தில் கேட்டால், பொருள் கைக்கு வந்ததாக உறுதிசெய்த பிறகு தலையிட மாட்டார்களாம்.

நேற்று அவர் கடையில் இன்னொரு ஷராக்கு ஏறியிருக்கிறது, இச்சிகாவா எபிஸோ என்ற நடிகரின் படம். விவரக்குறிப்பு வரிக்கு வரி அதேதான். இதற்கும் முதுகுப் படம் இல்லை.