மூன்று நிமிடத்தில் முடிந்த ஃபீல்டு டெஸ்ட்

பார்வை நரம்பைப் பாதிக்கும் கிளாக்கோமா நோய்க்காக ஒன்பது ஆண்டுகளாகப் பார்வைப் புலப் பரிசோதனை (ஃபீல்டு டெஸ்ட்) செய்துவருகிறேன். கிண்ணம் போன்ற கருவிக்குள் நேராகப் பார்த்தபடி, சுற்றிலும் மின்னும் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். சொட்டு மருந்து எனக்குப் பெரிய பாரமில்லை. அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கவேண்டிய நாளுக்கு முந்தைய இரவுதான் தூக்கம் வராது. சென்ற மாதம் முதல் முறையாக 'சீட்டா ஃபாஸ்டர்' (SITA Faster) என்ற விரைவு முறையில் சோதித்தார்கள். ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஆனது.

பழைய நீண்ட முறையில் நான்கு நிமிடம் தாண்டியதும் கண் உலர்ந்து எரியும். நடுவிலுள்ள மஞ்சள் விளக்கையே உற்றுப் பார்த்துப் பார்த்து, கிண்ணம் முழுவதும் சாம்பல் புகை படர்ந்தாற்போல் ஆகிவிடும். இமைத்தால் ஒளிப்புள்ளி தவறிவிடுமோ என்று இமைக்காமல் இருப்பேன். எரிச்சல் இன்னும் கூடும். இரண்டாவதாகச் சோதிக்கும் இடது கண்தான் எப்போதும் மோசமாக வரும். ஒருமுறை அந்த முடிவுத் தாளைப் பார்த்துவிட்டு, நோய் முற்றுகிறது என்று மருந்தைக் கூட்டினார்கள். மறுபடி சோதித்தபோது புலம் பழையபடியே இருந்தது. நோய் முற்றவில்லை, நான் களைத்திருந்தேன். இடையில் எத்தனை இரவுகள் பயந்தேன்!

புதிய முறையிலும் '24-2' என்ற புள்ளி அமைப்பில் சோதிக்கும் அதே 54 இடங்கள்தான். ஆனால் நம் வயதில் இயல்பாகத் தெரியக்கூடிய ஒளி அளவிலிருந்தே சோதனை தொடங்குகிறது. மிகப் பிரகாசமான ஒளியும் தெரியாத இடத்தை மறுபடி சோதிப்பதில்லை. எல்லாக் கண்ணிலும் இயல்பாகவே பார்வை இல்லாத குருட்டுப் புள்ளியில் ஒளி காட்டி நம் நோக்கைச் சரிபார்ப்பதற்குப் பதிலாகக் கண் அசைவைக் கருவியே கவனிக்கிறது. 2019இல் வெளியான ஆய்வில் இதன் சராசரி நேரம் சுமார் 172 விநாடி. பழைய நீண்ட 'ஸ்டாண்டர்டு' முறைக்கு 370. இந்த முறை என் இடது கண் எரியவே இல்லை.

குறையும் உண்டு. தெரிந்த ஒளிக்கும் பொத்தானை அழுத்தாமல் விட்டோமா என்பதைக் காட்டும் பழைய கணக்கு இதில் இல்லை. ஆகவே நாம் சோர்ந்தால் பக்கத்தில் நிற்பவர்தான் கவனித்துச் சொல்லவேண்டும். பழைய தாளையும் புதிய தாளையும் அப்படியே ஒப்பிடுவதும் சரியல்ல. புதிய முறையில் இரண்டு முறை எடுத்து, அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டு செய்திகள். காட்டும் புள்ளிகளில் ஏறக்குறைய பாதி, நல்ல கண்ணுக்கும் தெரியாத அளவுக்கு மங்கலானவை. எதுவும் தெரியாத நொடிகளில் பதறவேண்டாம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் சோதனை நிற்கும், கண்ணை மூடி ஓய்வெடுக்கலாம். இதை எனக்குச் சொல்ல ஆறு ஆண்டுகள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து என்றார்கள். நான்கு மாதத்தில் வரட்டுமா என்று நானே கேட்டேன்.