ஏபிசி அட்டைகள்: ஆன்லைன் வகுப்புக்கு லேப்டாப் இல்லாமல் ஒரு பயிற்சி

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆன்லைன் வகுப்பு நடத்தப் பயிற்சி தர வேண்டும், எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்துக் காட்டுவது ஒரு அட்டைக்கட்டைத்தான். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் கிளைவ் யங், நடாஷா பெரோவிச் என்ற இருவர் 2015 வாக்கில் உருவாக்கியது, பெயர் ஏபிசி. ஒரே பேப்பரை, அதாவது ஒரே பாடத்தை, நடத்தும் ஆசிரியர்கள் நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, 90 நிமிடத்தில் அந்தப் பேப்பரை ஆரம்பம் முதல் கடைசி வரை திட்டமிட்டு முடிக்கிறார்கள். அட்டைகள், பெரிய தாள், பேனா, நட்சத்திர ஸ்டிக்கர் இருந்தால் போதும். அட்டைகளை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் காமர்ஸ் நடத்துகிறேன். கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் ஐக்யூஏசி குழுவின் பொறுப்பும் என்னிடம் இருப்பதால் ஆசிரியர் பயிற்சிகளை ஏற்பாடு செய்வதும் என் வேலைதான். 2020 ஊரடங்கு தொடங்கியதிலிருந்து எங்கள் ஆசிரியர்கள் எஃப்டிபி எனப்படும் ஆசிரியர் பயிற்சிகள் பலவற்றில் ஆன்லைனில் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு தனியார் நிறுவனம் நடத்திய ஒரு வாரப் பயிற்சி இன்னும் நினைவிருக்கிறது. ஒரு நாள் கூகுள் ஃபார்ம்ஸ், ஒரு நாள் பேட்லெட், ஒரு நாள் கஹூட் என்று தினமும் ஒரு செயலியைக் காட்டினார்கள். எங்கள் துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர், "என் பேப்பர்ல ரெண்டு யூனிட் முழுக்கக் கணக்குதான். அதை ஆன்லைன்ல எப்படிங்க நடத்துறது?" என்று கேட்டார். "ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க சார்" என்ற பதிலோடு அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது. கடைசி நாள் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பினோம், சர்டிபிகேட் மெயிலில் வந்தது. அவருடைய கேள்வி அப்படியே நின்றது. ஏபிசி அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. எனக்கு அது பிடித்துப்போனதற்கு முதல் காரணமே இதுதான்.

இதன் அடிப்படை, லண்டன் பேராசிரியர் டயானா லாரிலார்ட் வகுத்த ஆறு வகைக் கற்றல். கேட்டும் படித்தும் பெறுவது, தேடிக் கண்டுபிடிப்பது, செய்து பழகுவது, விவாதிப்பது, சேர்ந்து செய்வது, ஒன்றை உருவாக்கிக் காட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் அட்டை. அட்டையைத் திருப்பினால் அந்த வகைக்கு ஏற்ற வேலைகளின் பட்டியல் இருக்கும். அதில் ஒரு வரிசையில் வழக்கமான வகுப்பறை வேலைகள், இன்னொரு வரிசையில் ஆன்லைனில் செய்யக்கூடியவை. வேண்டியதை டிக் செய்யலாம், சொந்தமாகவும் எழுதிச் சேர்க்கலாம்.

பயிற்சி ஆரம்பிப்பது அட்டையில் இல்லை. "இந்தப் பேப்பர் எதற்கு?" என்பதை ஒரு ட்வீட் அளவில் எழுதச் சொல்வார்கள். எங்கள் ஆசிரியர்களுக்கு மிகவும் சிரமமாக இருந்தது இந்த இடம்தான். சிலபஸில் இருக்கிற ஐந்து யூனிட் தலைப்பையும் வரிசையாகச் சொல்ல எல்லோராலும் முடியும். படித்து முடித்த பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னதும் மேஜையில் வாக்குவாதம் கிளம்பிவிட்டது. அந்த வாக்குவாதத்துக்காகவே பயிற்சி நடத்தலாம் என்பேன். அப்புறம் இப்போது வகுப்பில் ஆறு வகையும் எந்த அளவில் இருக்கின்றன என்று சிலந்தி வலை மாதிரியான படத்தில் வரைய வேண்டும். எவ்வளவு நேரில், எவ்வளவு ஆன்லைனில் என்று ஒரு கோட்டில் குறிக்கவும் வேண்டும். ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று யுஜிசி 2021-இல் வெளியிட்ட கலப்புக் கற்றல் குறிப்பு சொல்கிறது. அந்த 40 சதவீதத்தில் எதை வைப்பது என்று துறைக்குள் உட்கார்ந்து பேசியதே இல்லை. இங்கே பேசியாக வேண்டியிருக்கிறது.

எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய தாளில் வாரங்களைக் கோடு போட்டுப் பிரித்து அட்டைகளை வைத்துக்கொண்டே போனார்கள். முடித்துவிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லா வாரத்திலும் 'பெறுதல்' அட்டை, அங்கங்கே 'பயிற்சி'. பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத கெஸ்ட் லெக்சரர் ஒருவர்தான் அதை முதலில் கவனித்தார். "மேடம், எல்லாமே ஒரே கலரா இருக்கே." யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தாளே சொல்லிவிட்டது. ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று நாம் எல்லோரும் வருத்தப்படுகிறோம். 50 நிமிடமும் அவர்களுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலையே வைக்கவில்லை என்பது அந்த ஒரே நிறத்தில் தெரிகிறது.

பிறகு அட்டைகளை மாற்ற ஆரம்பித்தார்கள். ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவைக் கணக்கிடும் காஸ்ட் ஷீட் யூனிட்டில் நேரில் நடக்கும் விளக்கம் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. மீதி விளக்கத்தைப் பத்து நிமிட வீடியோக்களாகப் பதிவு செய்து கூகுள் கிளாஸ்ரூமில் போடுவது என்று முடிவானது. 'தேடல்' அட்டையில் அவர்களே எழுதிச் சேர்த்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. சாத்தூரில் காராச்சேவு போடும் கடை ஒன்றுக்குப் பிள்ளைகள் நான்கு நான்கு பேராகப் போய்க் கடலை மாவு, எண்ணெய், கேஸ், மாஸ்டர் கூலி, கடை வாடகை எல்லாவற்றையும் விசாரித்து வர வேண்டும். 'கூட்டுவேலை' அட்டையில், அந்த நால்வரும் ஒரே கூகுள் ஷீட்டில் பிரைம் காஸ்ட் (நேரடிச் செலவு), வொர்க்ஸ் காஸ்ட் (அதோடு தயாரிப்பு இடத்தின் மற்றச் செலவும் சேர்ந்தது) என்று பிரித்துப் போடுவது. மாஸ்டர் கூலி நேரடிச் செலவா, கடை வாடகையை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பதை அடுத்த நேரடி வகுப்பில் விவாதிப்பது. "கணக்கை ஆன்லைன்ல எப்படி நடத்துறது" என்று கேட்டாரே, அந்த சாரும் இந்த மேஜையில்தான் இருந்தார். விவாதத்துக்கான கேள்விகளை எழுதியவரே அவர்தான்.

கடைசிப் படி நட்சத்திரங்கள். மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுக்குத் தங்க நிறம், கற்கும்போதே பிள்ளைகளுக்கு நிலவரம் சொல்லும் சிறு சோதனைகளுக்கு வெள்ளி நிறம். எங்கள் தாள்களில் இன்டர்னல் டெஸ்டுகளுக்கான தங்கம் உடனே ஒட்டப்பட்டது. வெள்ளி ஒன்றுகூட இல்லை. நேர் வகுப்பில் முகத்தைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்கிறோம். ஆன்லைனில் அந்த வசதி இல்லாததால் வெள்ளி நட்சத்திரம் கட்டாயம் வேண்டும் என்பதைப் பயிற்சி நடத்துபவர் இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும். வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். முடிவில் முதலில் வரைந்த வலைப்படத்தின் மேலேயே வேறு நிறப் பேனாவால் புதிய வடிவத்தை வரைந்து, தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் கிடைக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் வகுப்பறையிலும் பாதிப் பேர் கூகுள் மீட்டிலும் இருக்கும் ஹைப்ரிட் வகுப்புக்கு இந்த அட்டைகள் மட்டும் போதாது. சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி 2006-இல் தொடங்கிய ஹைஃப்ளெக்ஸ் முறை அந்த மாதிரி வகுப்புக்காகவே வந்தது. எந்த வழியில் வந்து படித்தாலும் ஒரே தரத்தில் கற்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. அது நடக்க வேண்டுமென்றால் முதலில் சத்தம் கேட்க வேண்டும். ஆசிரியரிடம் காலர் மைக் இருந்தும் வகுப்பில் இருக்கும் பிள்ளை கேட்கிற கேள்வி வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்காது. கேள்வியை ஆசிரியர் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வது, கூகுள் மீட்டின் சாட் பெட்டியில் வருவதைப் படிக்க வகுப்பிலிருந்தே ஒரு மாணவரை உட்கார வைப்பது, கரும்பலகையை அழிக்கும் முன் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவது, இதையெல்லாம் கையால் செய்து பழக வேண்டும். இதற்குத் தனியாக அரை நாள், நிஜ வகுப்பறையில், நிஜ மைக்கோடு ஒதுக்குங்கள்.

அட்டைகளின் பின்பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் உள்ள வேலைகள் நல்ல இணைய வசதியும் மூடுல் மாதிரி பாடம் நடத்தும் ஒரு இணையதளமும் இருக்கும் இடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் பிள்ளைகள் பலரும் பஸ்ஸில் போகும்போது போனில் படிப்பவர்கள். அதனால் நேரலை விவாதம் என்ற இடத்தில் வாட்ஸ்அப் ஆடியோ என்று எழுதிக்கொண்டோம். வணிக நோக்கம் இல்லாமல், மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிட்டால் மாற்றிக்கொள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இடம் தருகிறது. எனவே தமிழில் ஒரு கட்டு செய்து, சிவகாசியில் 300 ஜிஎஸ்எம் கெட்டி ஆர்ட் போர்டில் இரண்டு பக்கமும் அடித்து வாங்கினோம். சாதாரண ஏ4 தாளில் அடித்தால் ஒரு பயிற்சியோடு கிழிந்துவிடும்.

வாங்கலாமா என்ற கேள்வியே இல்லை, இலவசம்தான். செலவாவது நேரம். ஒரு பேப்பரை எத்தனை பேர் நடத்துகிறார்களோ அத்தனை பேரும் ஒரே மேஜையில் இருக்க வேண்டும், முக்கியமாகக் கெஸ்ட் லெக்சரர்கள். ஆன்லைன் வேலையில் பாதி அவர்கள் தலையில்தான் விழுகிறது, பயிற்சிக்கு மட்டும் அவர்களை அழைப்பதில்லை. இன்னொன்றையும் முதல்வரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: தாளில் எழுதிய வீடியோவையும் கேள்விகளையும் தயார் செய்ய, செமஸ்டர் ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவருக்கும் டைம்டேபிளில் நேரம் ஒதுக்கித் தர வேண்டும்.