கால் விரல் இடுக்கைக் காட்ட ஒரு லீவு

வளைகுடாவிலிருந்து கீழக்கரைக்கு லீவில் வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியலோடுதான் இறங்குவோம். பல் அடைக்க வேண்டும், கண்ணாடி மாற்ற வேண்டும், சுகரும் கொழுப்பும் பார்க்க வேண்டும். காலைக் காட்ட வேண்டும் என்று எழுதி வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. குடோனில் நாள் முழுக்க சேஃப்டி ஷூ போட்டு நிற்கிறவர்கள் ராத்திரி அதைக் கழற்றும்போது பாருங்கள். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, நாறிக்கொண்டிருக்கும். சொறிந்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். பூஞ்சையால் வருகிற இந்தச் சேற்றுப்புண் எனக்கும் ரொம்ப நாளாகவே உண்டு. இந்த முறை கட்டைவிரல் நகமும் மஞ்சளாகித் தடித்துவிட்டதால் பட்டியலில் காலையும் சேர்த்தேன்.

முதலில் போனது மெடிக்கலுக்கு. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, அநேகமாக எல்லாக் கடையிலும் இதே கதைதான். காலைக்கூடப் பார்க்காமல் பையன் ஒரு ட்யூபை நீட்டினான். "காக்கா, இதப் போடுங்க, மூணே நாள்ல அரிப்பு நின்னுரும்." (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.) அட்டையைத் திருப்பிப் படித்தேன். குளோபெட்டசால், ஓஃப்ளாக்சசின், ஆர்னிடாசோல், டெர்பினாஃபின். நாலு மருந்து ஒரே ட்யூபில்! இதில் முதல் பெயர் வீரியமான ஸ்டீராய்டு, கடைசிப் பெயர்தான் பூஞ்சை மருந்து. பையன் சொன்னதில் பொய் இல்லை, மூணு நாளில் அரிப்பு நிற்கத்தான் செய்யும். பூஞ்சையை எதிர்த்து உடம்பு காட்டுகிற சிவப்பையும் அரிப்பையும் ஸ்டீராய்டு அடக்கிவிடும். எதிர்ப்பு அடங்கிய தோலில் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். பூசுவதை நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். தொடை இடுக்கு, இடுப்பு, முதுகு என்று படர்தாமரையாக ஏறியவர்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். 2018-இல் இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. சீட்டு கேட்கிற கடை இருந்தால் தெரிவியுங்கள், போய் சலாம் சொல்லிவிட்டு வருகிறேன்.

ட்யூபை வாங்காமல் மறுநாள் காலை பஸ் பிடித்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. அதற்கு முன்பெல்லாம் பெரிய டாக்டர் என்றாலே எங்களுக்கு மதுரைதான். தோல் பிரிவில் கூட்டம் இருந்தது, உட்கார இடமில்லை, டோக்கன் கூப்பிடுவது காதில் விழவில்லை. ஆனால் உள்ளே போனதும் நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் விரித்துப் பார்த்தார். உள்ளங்காலில் மாவு பூசினாற்போல் உலர்ந்து செதில் விட்டிருந்ததை நான் வெறும் வறட்சி என்றேன். "அதுவும் பூஞ்சைதான்" என்றார். மழுங்கின பிளேடால் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார்கள். அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சையின் இழைகள் மட்டும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். வலி இல்லை. செலவும் இல்லை.

நகத்தையும் நறுக்கி அனுப்பினார்கள். தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லையாம். ஷூ அழுத்தினாலும் நகம் தடிக்கும், சொரியாசிஸ் என்கிற செதில் விடும் தோல் நோயிலும் தடிக்கும். பூஞ்சை என்று உறுதியானால் நகத்துக்கு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று, 12 வாரம். தொடங்கும் முன் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை. இவ்வளவிலும் வெறும் சந்தேகத்தின் பேரில் இறங்கக் கூடாது என்பதுதான் டாக்டரம்மாவின் கணக்கு. காலுக்கு எழுதியது நூறு ரூபாய்க்குள் முடிகிற, ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் என்கிற பூஞ்சை கிரீம். புண் தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல் இரண்டு விரல் அகலம் தாண்டிப் பூச வேண்டும், காலை மாலை இரண்டு வேளை. ஆறின பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் யாரும் கேட்பதில்லை என்று சலித்துக்கொண்டார்.

அப்புறம் கேட்டார், "ஒளு செஞ்சிட்டு காலைத் துடைப்பீங்களா?" ஒளு என்பது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது. ஐந்து வேளையும் விரல் இடுக்கைக் கோதிக் கழுவுகிறவர்கள் நாம், இதைவிடச் சுத்தம் ஏது என்று நினைத்திருப்போம். வேலை இடத்தில் அவசர அவசரமாக லுஹர் என்கிற மதியத் தொழுகையை முடித்துவிட்டு ஈரக்காலிலேயே சாக்ஸை மாட்டினால் அந்த ஈரம் சாயங்காலத் தொழுகையான அஸர் வரை ஷூவுக்குள் வேகும். பூஞ்சைக்கு வேண்டியதே அந்தச் சூடும் ஈரமும்தான். காலுக்கென்று தனியாகச் சின்னத் துண்டு, பருத்தி சாக்ஸ், ஒரே ஷூவைத் தொடர்ந்து போடாமல் ஒன்று விட்ட நாள் காயவிடுவது. இவ்வளவும் களிம்பு மாதிரியே வைத்தியம்தான் என்றார். வீட்டில் எல்லாரும் ஒரே துண்டில் கால் துடைக்கிற பழக்கத்தையும் விடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமி சிரித்தார். "மருதாணி வச்சா போயிரும், இதுக்குப் போயி ராம்நாடா?" மருதாணி இலைக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் ஆய்வுக்கூடத்தில் தென்பட்டது உண்மைதான். ஆனால் பெருநாளைக்கு வாங்குகிற கறுப்புக் கோனில் முடிச்சாயத்தில் சேர்க்கிற ரசாயனம் இருக்கும், வெடித்த தோலில் அது பட்டால் கொப்பளிக்கலாம். அரைத்த இலையென்றாலும் அந்தச் சிவப்பில் புண் சிவப்பது தெரியாது. மாமிக்குச் சுகர் வேறு. போன வருஷம் அவருக்குக் கால் வீங்கி, காய்ச்சல் வந்து, ஊசி போட்டுப் படுத்திருந்ததற்கு வாசலே இந்த விரல் இடுக்கு வெடிப்புதான். அது வழியாகப் பாக்டீரியா உள்ளே போய்விட்டது. சுகர்காரர்களுக்கு இது வெறும் அரிப்பு இல்லை. மறுவாரம் மாமியையும் அதே வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.

கடல் தண்ணீரில் நின்றால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற பெண்களின் காலைப் பார்க்க வேண்டும். கையில் துணி சுற்றி, காலில் செருப்பு மாட்டி, உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிறார்கள். ஊறின தோல் லேசாகக் கிழியும், பாறை கிழித்த காயமும் சேரும். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரக்காலோடு ஷூவைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறுகிறவர்களுக்கும் இதைச் சொல்லலாம். ஆடுங்கள், ஏறும் முன் துடைத்துக்கொள்ளுங்கள்.

லீவில் போய்க் காட்டுவதாக இருந்தால் வந்த முதல் வாரமே போங்கள். நக ரிப்போர்ட் வர நாளாகும், கிளம்புகிற அன்று கையில் இருக்காது. இதுவரை பூசிய ட்யூபையெல்லாம் எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். களிம்பு பூசிக்கொண்டே போனால் சுரண்டலில் பூஞ்சை சிக்காமல் போகலாம், அதனால் எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால் நகம் முழுசாக வளர்ந்து மாற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். 12 வார மாத்திரை முடிந்தும் மஞ்சள் போகவில்லையே என்று அடுத்த மெடிக்கலுக்கு ஓட வேண்டாம்.