ஒரு நட்டுக்கு மூன்று நாள்

விமானம் நேரத்துக்கு வந்தது. பெட்டி வந்தது. தங்கச்சி மகள் கல்யாணம் நன்றாக நடந்தது, சாப்பாட்டிலும் குறையில்லை. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு நட்டைப் பற்றி.

வேலூர் சத்துவாச்சாரியில் மாமா வீட்டுக் கொட்டகையில் நிற்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். 1966 மாடல், இரண்டே கதவு, 948 சிசி. சின்ன வயதில் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து அமிர்தி போனவர்களில் நானும் ஒருவன். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி கட்டிய வண்டி, சோழவரம் ரேஸில் ஓடிய ஜாதி. இதன் பூர்வீகம் நான் இப்போது இருக்கும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி. அங்கே கேன்லி ஆலையில் ஹெரால்டையும், அதன் சேஸிஸை வைத்தே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தார்கள். 1980இல் அங்கே கார் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் 1977 ஸ்பிட்ஃபயர் ஒன்று இருக்கிறது. முன்பக்கச் சஸ்பென்ஷன் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒட்டிப் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி. ஆகவே "ஸ்டீயரிங் உதறுது மாப்ள, அறுபதுல போனா கையே நடுங்குது" என்று மாமா போனில் சொன்னதும், சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் இரண்டு, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு இரண்டு வாங்கிப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டேன்.

வந்த மறுநாளே ஜாக்கி போட்டுப் பார்த்தேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டக்' என்றது. மாமாவை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன், அப்போதும் டக். பேரிங் ஆட்டமாக இருந்தால் பிரேக் மிதித்ததும் நின்றிருக்கும். ஆக பால் ஜாயின்ட்தான். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டு தனியாக ஆடியது.

முதலில் பைபாஸில் கண்ணாடி மாளிகை மாதிரி இருக்கும் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போனேன். ஏசி, காபி மெஷின், கழுத்தில் பட்டை போட்ட பையன்.

"என்ன கார் சார்?"

"ஸ்டாண்டர்ட் ஹெரால்டு."

"ஸ்டாண்டர்ட் வேரியன்ட், ஓகே சார். கார் பேரு?"

பத்து நிமிஷம் கம்ப்யூட்டரில் தேடினான். பாவம், மரியாதைக்குக் குறைவில்லை. கடைசியில் "சிஸ்டத்துல இல்லாம ஜாப் கார்டு ஓபன் ஆவாது சார்" என்றான். கோவென்ட்ரியிலும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். அங்கே கேட்டால் கோபம் வருவதில்லை. இங்கே மட்டும் ஏன் வருகிறது என்று தெரியவில்லை.

அப்புறம் வழக்கம்போல் மெக்கானிக் பாய்தான். தோட்டப்பாளையத்துக்குள் புளியமரத்தடி, தகரக் கூரை, பாதி பிரித்த அம்பாசடர் ஒன்று. நான் வேலூரை விட்டுப் போனபோது பிரித்த வண்டியே அதுவாகவும் இருக்கலாம். ஹெரால்டின் பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் மட்கார்டோடு சேர்ந்து முழுசாகத் தூக்கிக்கொள்ளும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். பாய் அப்படித்தான் உட்கார்ந்தார்.

டை ராடு எண்டின் டேப்பர், அதாவது கூம்பு மாதிரி குறுகும் தண்டு, பிடித்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. நான் கோவென்ட்ரியில் அதை இழுத்துக் கழற்றவென்றே புல்லர் என்ற கருவி வைத்திருக்கிறேன், 35 பவுண்ட். போனமுறை ஒரு பக்கம் கழற்ற எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று. பாய் பையனைக் கூப்பிட்டார். ஸ்டீயரிங் ஆர்மின் காதுக்கு அந்தப் பக்கம் ஒரு சுத்தியல், இந்தப் பக்கம் ஒரு சுத்தியல். ஒரே நேரத்தில் ஒரு போடு. பொட்டென்று விழுந்தது. என் புல்லரின் விலையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சக்கரம் திரும்பும் கீழ்மூட்டான டிரனியனில்தான் எங்களுக்குள் சின்னச் சண்டை. பித்தளை டிரனியனுக்குள் மரை போட்ட தண்டு சுழலும். ஈபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் நாளாவட்டத்தில் சோப்பு மாதிரி இறுகி, மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பாய் கிரீஸ் கன்னோடு வந்தார். நான் வேண்டாமென்றேன். "அம்பது வருஷமா கிரீஸ்தான் சார் அடிக்கிறோம்." கழற்றிப் பார்த்தால் உள்ளே சோப்பேதான். விரலால் தோண்டி எடுத்து முகர்ந்து பார்த்தவர், "உங்க வண்டி, உங்க எண்ண" என்று சொல்லிவிட்டு ஆயில் வாங்க பெட்ரோல் பங்க்குக்கு ஆள் அனுப்பினார்.

மத்தியானத்துக்குள் மூன்று ஜாயின்ட் முடிந்தது. நாலாவது, இடதுபக்க டை ராடு. பழைய நட்டு துருவேறி முனை மழுங்கிப்போனதால் உளி வைத்துப் பிளந்தாயிற்று. புது நட்டுக்காகக் கவரைத் திறந்தால், காணோம். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து "இது இன்னா சார் இரும்பு?" என்று கொட்டிப் பார்த்தார்களே, அங்கே உருண்டிருக்க வேண்டும்.

ஒரு நட்டுதானே என்று நினைத்தேன். லாங் பஜாரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடை கடையாக ஏறினேன். "எம் டென்னா, எம் ட்வெல்வா?" எம் என்றால் மில்லிமீட்டர் மரை. எம் எதுவும் இல்லைங்க, இது அங்குல மரை, யூஎன்எஃப். "அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்கறா?" தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். சாமிகூட 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். நட்டு வரவில்லை.

லேத்துக்காரர் தட்டித் தருகிறேன் என்றார், ஆனால் அந்த அளவுக்கு மரை வெட்டும் டேப் அவரிடம் இல்லை. பையன் ஒரு எம் டென் நட்டைக் கொண்டுவந்து, "ரெண்டு மரை ஏறும் சார், அப்பால ஸ்பேனர் போட்டா டைட்டா நிக்கும்" என்றான். உனக்குத்தான் மரை கழன்றிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாய் அவன் மண்டையில் தட்டினார். சென்னை புதுப்பேட்டை ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் போட்டோம். "நாளைக்கு பஸ்ல போட்டுடறேன்." அந்த 'நாளைக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இருபது வருஷம் குறைந்துவிட்டது. பார்சல் இரண்டாம் நாள் ராத்திரி வந்தது, நியூஸ்பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, பத்திரமாக. பிரித்தால் எம் டென்.

கோவென்ட்ரியில் ராத்திரி பத்து மணிக்குப் போனில் ஆர்டர் போட்டால் மறுநாள் காலை கதவிடுக்கில் விழுந்திருக்கும் என்று மாமாவிடம் பொரிந்து தள்ளினேன். மாமா பேசவில்லை. வண்டி செங்கல் மேல் நின்றது.

அத்தைதான் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார்கள்: "எங்கண்ணன் டிராக்டருக்குக்கூட கார் கடையில நட்டு கெடைக்காதுன்னு தனியா ஒரு கடைக்குப் போவாரே." அத்தைக்கு அணைக்கட்டுப் பக்கம் பிறந்த வீடு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாஸ்ஸி டிராக்டர்! அதன் பூர்வீகமும் இங்கிலாந்துதான், பழைய மாடல்களில் எல்லாம் அங்குல மரை. பழைய மகிந்திரா ஜீப்பும் அப்படித்தான், அது அமெரிக்க வில்லிஸ் வம்சம். கார் கடைகளாகவே மூன்று நாள் அலைந்திருக்கிறேன்.

டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைக்காரர் என் கையிலிருந்த போல்ட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. டப்பாவுக்குள் கைவிட்டார். நைலாக் நட்டு, 12 ரூபாய். ஆறு வாங்கினேன். பாய் மாட்ட நாலு நிமிஷம்.

பிறகு சக்கரத்தின் வெளிப்பக்கமாக நூல் கட்டி அலைன்மென்ட் பார்த்தார். கூலி 2,500 கேட்டார். என் ஊரில் ஒரு மணி நேரத்துக்கே 70 பவுண்ட் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, மாமா 2,200க்குப் பேசி முடித்துவிட்டார். நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காட்பாடி வரை ஓட்டினோம். உதறல் சுத்தமாக இல்லை. ஆனால் நேர்ரோட்டில் ஸ்டீயரிங் வீல் மட்டும் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து நின்றது. அலைன்மென்ட்டை ஒரே பக்க டை ராடில் திருகினால் அப்படித்தான் ஆகும். இரண்டு பக்கமும் சமமாகத் திருகியிருக்க வேண்டும். பாயிடம் சொன்னேன். "ஓட ஓட சரியாயிடும் சார்." ஆகாது, ஆகவே ஆகாது என்று ஏர்போர்ட் போகும் வழியெல்லாம் மாமாவிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

போன ஞாயிறு மாமா போன் செய்தார். "நேராயிடுச்சு மாப்ள." நான் விமானம் ஏறிய பிறகு பாய் வந்து வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார் என்றுதான் எனக்குச் சந்தேகம். கேட்டேன். "அதெல்லாம் இல்ல, ஓட ஓட சரியாயிடுச்சு" என்று மாமா சத்தியம் பண்ணுகிறார்.