உச்சத்தில் யாரை அசைக்க முடியவில்லை: ரைசனா, லூயிஸா, ரொபின்சனா?

வன்னியில் பொக்சிங் பேச்சு எழுந்தால் ஆளின் வயதைக் கேட்கத் தேவையில்லை, சொல்லும் பெயரே காட்டிக் கொடுத்துவிடும். ஐம்பதை ஒட்டியவர் மைக் ரைசன் என்பார். அதற்கு மூத்தவர்களுக்கு முகமது அலிதான்; அவர் 1980இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடிய கதையும் கூடவே வரும். யூரியூப்போடு வளர்ந்த பொடியள் இந்தக் காலத்துச் சம்பியன்களான உசிக், இனோவே என்பார்கள்.

இப்படி வாதாடுகிறவர்கள் மூன்று கேள்விகளைப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த வாதம் முடிவதில்லை. எல்லாக் காலத்திலும் சிறந்தவர் யார் என்பது ஒன்று. அலியும் ரைசனும் மோதினால் யார் வெல்வார் என்பது இன்னொன்று. அது கற்பனை, விடியும்வரை பேசலாம். நான் இங்கே எடுப்பது மூன்றாவதை. தன் நல்ல காலத்தில், தன் காலத்து ஆட்களைவிட யார் அதிக உயரத்தில் நின்றார்? அதற்குச் சண்டைகள் எவ்வளவு ஒருதலையாக முடிந்தன, எதிரே நின்றது யார், அந்தக் காலம் எவ்வளவு நீண்டது என்று பார்த்தால் போதும்.

ரைசனிலிருந்து தொடங்குவோம், இல்லாவிட்டால் பரந்தன் சந்திப் பக்கம் முடி வெட்டப் போக முடியாது. அமெரிக்காவில் சனி இரவு நடக்கும் பெரிய சண்டை எங்களுக்கு ஞாயிறு காலையில் வரும்; சலூனில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரமும் அதுதான். அங்கே கடைக்காரர் போனைக் கண்ணாடியில் சாத்தி வைத்துவிட்டு, ஒருவரின் தாடையில் சவர நுரை பூசியபடியே ரைசனின் இடது ஹூக்கை, அதாவது பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்தை, செய்து காட்டுவார். அலகு கையில் இருக்கும். கதிரையில் இருப்பவர் மூச்சு விடமாட்டார். "தம்பி, தொண்ணூற்றொரு செக்கன். ஆள் நிலத்தில. இதுக்கு மேல என்ன கணக்கு உமக்கு?"

அவர் சொல்வது 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிற்றி. எதிரே மைக்கல் ஸ்பிங்க்ஸ். ஸ்பிங்க்ஸ் அதுவரை தோற்றதே இல்லை. 48 சண்டைகளில் தோல்வி காணாத லரி ஹோம்ஸை 1985இல் வென்றவர் அவர்தான். அப்படிப்பட்டவர் 91 செக்கனில் முடிந்தார். அதற்கு ஐந்து மாதம் முன்னர் அதே ஹோம்ஸை ரைசன் நான்காம் சுற்றில் வீழ்த்தினார். 75 சண்டை ஆடிய ஹோம்ஸை நொக்அவுட் முறையில் வென்றவர் ரைசன் ஒருவர்தான். இதை யாரும் லேசாகத் தள்ள முடியாது.

ஆனால் திகதிகளை வரிசையாகப் பாருங்கள். 1986 நவம்பர் 22இல், 20 வயதில், ரெவர் பேர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, ஆகக் கூடிய எடைப் பிரிவான ஹெவிவெயிற்றில் உலகப் பட்டம் எடுத்தார். ஸ்பிங்க்ஸ் சண்டை வரை 19 மாதங்கள், எட்டுச் சண்டைகள். அதில் ஜேம்ஸ் ஸ்மித், ரொனி ரக்கர் இருவரும் பன்னிரண்டு சுற்றும் நின்று தாக்குப் பிடித்தார்கள். ரக்கர் முதல் சுற்றிலேயே, கீழிருந்து மேலே அடிக்கும் ஓர் அப்பர்கட்டால் ரைசனைக் கொஞ்சம் ஆட்டியும் விட்டார். ஹோம்ஸுக்கு அப்போது 38 வயது. இரண்டு ஆண்டுக்குக் கிட்ட வளையத்தில் இறங்காமல் இருந்து வந்தவர். ஸ்பிங்க்ஸும் அதைவிட எடை குறைந்த லைட் ஹெவிவெயிற்றிலிருந்து எடை ஏற்றி வந்தவர்தான். பிறகு 1990 பெப்ரவரி 11, ரோக்கியோ, பத்தாம் சுற்றில் ரைசனே பஸ்டர் டக்ளஸிடம் விழுந்தார். டக்ளஸ் வெல்வார் என்று பந்தயம் கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு நாற்பத்திரண்டு கிடைத்தது.

ரைசனின் உச்சம் உண்மையானது, ஆனால் குறுகியது. பார்ப்பவர்களைப் பயமுறுத்துவதில் அவருக்கு நிகர் இல்லை. பயம் சண்டைக்கு முன்னரே பாதியை வென்றுவிடும் என்பார்கள். ரக்கரைப் போல அது பலிக்காத ஆள் எதிரே வந்தால் மிச்சப் பாதியை அவர் உழைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஜோ லூயிஸைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. கறுப்பு வெள்ளைப் படம், கால்கள் மெதுவாக நகரும், அலட்டல் கிடையாது. ஆனால் ஆதிக்கம் என்ற சொல்லுக்குக் கணக்குப் பார்த்தால் ஹெவிவெயிற்றில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1937 ஜூன் 22 முதல் 1949 மார்ச் வரை பட்டம் அவரிடம். 25 முறை தற்காத்தார். 1941இல் ஜனவரி முதல் ஜூன் வரை மாதத்துக்கு ஒருவராக ஆறு பேரைச் சந்தித்தார். இன்றைய சம்பியன் ஆண்டுக்கு இரண்டு தரம் இறங்கினாலே பெரிய விசயம்.

எதிரிகள் மட்டம் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. பாதி சரி. ஆனால் லூயிஸை வருத்தியவர்களின் கதையைப் பாருங்கள். 1936இல் அவரைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்திய மக்ஸ் ஷ்மெலிங், 1938இல் 124 செக்கனில் முடிந்தார். 1941இல் பில்லி கொன் பன்னிரண்டு சுற்று வரை முன்னணியில் இருந்தார். பதின்மூன்றாவதில் அடித்து வீழ்த்தியே ஆகவேண்டும் என்று நெருங்கிப் போனார், தானே விழுந்தார். மறு சண்டையில் எட்டாம் சுற்று. ஜேர்சி ஜோ வொல்கொற் 1947இல் வென்றிருக்க வேண்டும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. 1948இல் அவரும் பதினொன்றில் போனார். முதல் தரம் திணறடித்தவனை அடுத்த தரம் இன்னும் வேகமாக முடிப்பது ரைசனிடம் இல்லாத குணம். டக்ளஸுடன் மறு சண்டையே நடக்கவில்லை.

அலியின் விசயம் வேறு. அவருடைய உச்சத்தை உலகம் முழுதாகப் பார்க்கவில்லை. 1964 பெப்ரவரியில் லிஸ்ரனிடமிருந்து பட்டத்தை எடுத்து, 1967 மார்ச்சுக்குள் ஒன்பது தற்காப்புகள். 1966இல் மட்டும் ஐந்து. பிறகு வியட்நாம் போருக்கான இராணுவச் சேர்க்கையை மறுத்தார், பட்டமும் உரிமமும் பறிபோயின. அப்போது வயது 25. மூன்றரை ஆண்டு கழித்து 1970இல் திரும்பி வந்தவர் வேறோர் ஆள்: அடி வாங்கி வெல்லக் கற்றவர். ஃபோர்மனை வென்றதும், மணிலாவில் ஃபிரேசியருடன் மோதியதும் அந்த இரண்டாவது அலியின் கதை. அவை மகத்துவம், நாம் தேடும் ஒருதலைத்தனம் அங்கே இல்லை. முதல் அலியின் மிக அழகான இரவு என்று எல்லாரும் காட்டுவது 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸுடன் ஆடியது. பார்க்கத் தித்திக்கும். ஆனால் வில்லியம்ஸ் அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் பொலிஸ்காரரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அதை மறந்துவிட்டு அந்தச் சண்டைக்குப் புள்ளி போட எனக்கு மனம் வரவில்லை.

மேவெதரின் 50க்குப் பூச்சியம், அதாவது 50 வெற்றி, தோல்வியே இல்லை, நல்ல எண்தான். யாரை எப்போது சந்திப்பது என்பதையும் அவரே தேர்ந்தெடுத்தார். தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற ஹெவிவெயிற் சம்பியன் மார்சியானோவுக்கும் இதே பதில், கொஞ்சம் மரியாதையோடு.

ரோய் ஜோன்ஸை அப்படித் தாண்ட முடியாது. ஒரு வளையத்துக்குள் இருவருக்கும் இடையிலான தூரம் என்று பார்த்தால், நான் பார்த்த படங்களில் 1994 முதல் 2003 வரையான ஜோன்ஸ்தான் முதல். தோல்வியே காணாத ஜேம்ஸ் ரோனியை 1994இல் புள்ளிகளில் நசுக்கினார். ஒரு நடுவரின் அட்டையில் 119-108. 1995இல் வினி பசியென்சாவுடன் ஆடியபோது நான்காம் சுற்று முழுவதும் பசியென்சாவின் ஒரு குத்துக்கூடப் படவில்லை. 1996இல் ஒரே நாளில் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டம் ஆடிவிட்டு, இரவு வந்து பட்டத்தைத் தற்காத்தார். 2003இல் ஹெவிவெயிற்றுக்குப் போய் ஜோன் ருயிஸையும் வென்றார். நடுத்தர எடைப் பிரிவான மிடில்வெயிற்றின் முன்னாள் சம்பியன் ஒருவர் அப்படிச் செய்தது 106 ஆண்டுக்குப் பிறகு. குறை ஒன்றுதான்: ரோனி, ஹொப்கின்ஸ் தவிர, எதிரே வந்த பலரின் பெயர் இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஐரோப்பாவில் இருந்த மிகல்செவ்ஸ்கியுடன் அவர் மோதவே இல்லை.

என் தெரிவு சுகர் ரே ரொபின்சன். 1943 பெப்ரவரி 5இல் ஜேக் லாமோற்றாவிடம் தோற்றார். தொடர்ந்து 40 வெற்றிகளுக்குப் பிறகு வந்த முதல் தோல்வி. மூன்று கிழமையில் அதே லாமோற்றாவை வென்றார். அதற்குப் பிறகு 1951 ஜூலை வரை, 91 சண்டைகள், தோல்வி இல்லை. எதிரே கிட் கவிலான், ரொமி பெல், பொபோ ஒல்சன், மறுபடி மறுபடி லாமோற்றா. அந்த லாமோற்றா சில சண்டைகளில் அவரைவிட 15 இறாத்தல் அளவு கூடிய எடை. ஜோன்ஸின் ஒருதலைத்தனம், லூயிஸின் நீளம், அதோடு இருவருக்கும் கிடைக்காத தரமான எதிரிகள்: மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கின்றன.

சலூனில் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "வீடியோ காட்டும் பாப்பம்." காட்ட முடியாது. ரொபின்சன் மிடில்வெயிற்றைவிட எடை குறைந்த வெல்டர்வெயிற்றில் ஆடிய காலத்துச் சண்டைகள் பெரும்பாலும் படமாகக் கிடைப்பதில்லை. பார்க்காததை எப்படி நம்புவது என்கிறார்கள். இதை வன்னியில் இருந்துகொண்டு கேட்பதுதான் எனக்குச் சிரிப்பு. தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. 1997 ஜூன் கடைசியில் ரைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தபோது வன்னிக்குள் இராணுவம் நடத்திய ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கடியைப் படத்தில் பார்த்தவர் யார்? ஆனாலும் எந்தச் சுற்று, எந்தக் காது என்பதுவரை சரியாகச் சொன்னார்களே.

சரி, ஹெவிவெயிற்றை மட்டும் எடுத்தால் லூயிஸ், ரைசன், அலி என்ற வரிசையில் வைப்பேன். உசிக்கை இந்த வரிசையில் எங்கே சொருகுவது என்று பொடியள் கேட்கிறார்கள். ஹெவிவெயிற்றுக்குக் கீழான குரூசர்வெயிற்றிலும் ஹெவிவெயிற்றிலும் எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக்கியவர், ஃபியூரியை 2024இல் இரண்டு தரம் வென்றவர். கையுறையைக் கழற்றிய பிறகு பார்ப்போம்.

ரொபின்சனில் கிடைப்பதைப் பார்க்க விரும்பினால் 1951 பெப்ரவரி 14, சிக்காகோ, லாமோற்றாவுடனான ஆறாவது சண்டையைத் தேடுங்கள். அது அவருடைய மிடில்வெயிற்றின் தொடக்கம், ஆகச் சிறந்த காலத்தின் வால்பகுதி. பதினொன்றாம் சுற்றில் லாமோற்றா மூலையில் நெருக்கிக் கடைசி முயற்சி செய்வார். அதைத் தாண்டிப் பன்னிரண்டிலிருந்து பாருங்கள், பதின்மூன்றில் நடுவர் நிறுத்தும்வரை. லாமோற்றா விழமாட்டார், கயிற்றில் சாய்ந்தபடி வாங்கிக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்து முடித்துவிட்டு அந்த 91 செக்கனோடு வாருங்கள், கதைப்போம்.