ஸ்ட்ராட் கிட்டாருக்கு மாற்று பிக்கப்: டெல்டா மேடைக்கு எது பொருந்தும்?

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரின் வடிவில் வரும் ஸ்ட்ராட் கிட்டாரில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பை மாற்ற நினைப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. நல்ல சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) செட் போடலாம். மரத்தைக் குடைந்து முழு அளவு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) வைக்கலாம். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புக்குப் போகலாம். இல்லையென்றால் சிங்கிள் காயில் அளவிலேயே வரும் இரைச்சல் அடக்கும் பிக்கப் வாங்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் மேடையேறி வாசிப்பவர்களுக்கு நான் நான்காவதைத்தான் சொல்வேன். என் கிட்டாரில் இருப்பதும் அதுவே. ஒலியழகை மட்டும் வைத்துப் பார்த்தால் சிங்கிள் காயில் முந்தும். ஆனால் இங்கே முடிவைத் தீர்மானிப்பது இரைச்சல்.

கோயில் திருவிழா மேடையை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஜெனரேட்டர் வண்டி. பந்தல் முழுக்க சீரியல் செட். மேடை விளக்குகளுக்கு டிம்மர். கீபோர்டு, எஃபெக்ட்ஸ் பெடல், மிக்ஸர் என்று ஆளுக்கொரு அடாப்டர், எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாக் காலமானாலும், சித்திரை வைகாசி ஊர்த் திருவிழாவானாலும் கிட்டாருக்கு அமையும் சூழல் இதுதான். வீட்டில் தேனாகக் கேட்ட சிங்கிள் காயில், இங்கே டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் 'கூம்' என்று இரையத் தொடங்கிவிடும். பாடகர் பல்லவிக்கு முன் மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில் ஸ்பீக்கரில் கேட்பது கிட்டாரின் இரைச்சல் மட்டும்தான்.

இரைச்சலில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்தறியாமல் பிக்கப் வாங்கினால் பணம் வீண். ஒன்று காந்தப்புலத்தால் வருவது. டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர், பவர் ஆம்ப் ஆகியவற்றைச் சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை பிக்கப்பின் காயில் ஆன்டெனா போல வாங்கிக்கொள்கிறது. 'கூம்' என்று அடித்தொண்டையில் ஒலிப்பது இதுதான். இன்னொன்று மின்புலத்தால் வருவது. டிம்மர், மலிவான எல்.இ.டி. டிரைவர் போன்றவை கிளப்பும் 'கர்ர்' என்ற கூரிய ஒலி. முதல் வகையைக் காயிலின் அமைப்பால் அடக்கலாம். இரண்டாவதற்குக் கிட்டாரின் உள்ளறைக்குக் காப்பர் ஃபாயில் ஒட்டியே ஆக வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த ஹம்பக்கரும் அதற்குத் தனியாக மருந்தாகாது.

உங்கள் கிட்டாரில் எது அதிகம் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். வாலியூமை முழுக்க வைத்து, நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் ஏறி, இன்னொரு திசையில் கிட்டத்தட்ட அடங்கினால் அது காந்தப்புல இரைச்சல். அடுத்து, கம்பிகளில் கை வையுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்து, எடுத்ததும் ஏறினால் ஷீல்டிங் (காப்பர் ஃபாயில் மறைப்பு) போதவில்லை. வாலியூமைப் பூஜ்யத்தில் வைத்த பிறகும் இரைந்தால் கோளாறு கேபிளிலோ பெடலிலோ எர்த்திலோ இருக்கிறது. பிக்கப் மாற்றித் தீராது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் கூடினாலோ, மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்று அடித்தாலோ வாசிப்பதை நிறுத்திவிட்டு சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு லைனையும் எர்த்தையும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது உயிர் விஷயம்.

சிங்கிள் காயிலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அல்நிகோ 5 காந்தத் தண்டுகள், 42 கேஜ் கம்பி ஏறத்தாழ 8000 சுற்று, மீட்டரில் 5.5 முதல் 6.5 கிலோ ஓம். கிளீன் ஆர்பெஜியோவுக்கும் மேல்ஸ்தாயி ஸ்ட்ரோக்குக்கும் இதன் பளிச்சென்ற ஒலியை மற்ற மூன்றும் முழுதாகத் தருவதில்லை. நடு பிக்கப் தலைகீழ்ச் சுற்றும் தலைகீழ்க் காந்தமுமாக வரும் செட்டில், ஐந்து நிலை சுவிட்சின் 2, 4 நிலைகள் (நடு பிக்கப்போடு, பாலத்தருகே இருக்கும் பிரிட்ஜ் பிக்கப்போ கழுத்தருகே இருக்கும் நெக் பிக்கப்போ சேர்ந்து ஒலிப்பவை) இரைச்சலின்றி இருக்கும். ரெக்கார்டிங்கும் வீட்டு வாசிப்பும் மட்டும்தான் என்றால் இதையே வாங்குங்கள்.

முழு ஹம்பக்கர் 1955-இல் கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பழைய நல்ல ஏற்பாடு. எதிரெதிராக இணைத்த இரண்டு காயில்களில் இரைச்சல் அழிந்துபோகும், கம்பியின் ஒலி கூடும். யமஹா பசிஃபிகா 112 மாதிரி பிரிட்ஜில் ஏற்கெனவே ஹம்பக்கர் உள்ள கிட்டார் வைத்திருப்பவர் அங்கே வேறு ஹம்பக்கர் போட்டால் போதும். மூன்று சிங்கிள் காயில் கிட்டாரில் இதைப் பொருத்த வேறு பிக்கார்டு (பிக்கப்புகள் பொருந்தும் முன்தகடு) வேண்டும், பல கிட்டார்களில் மரத்தையும் குடைய வேண்டும். குடைந்த கிட்டாரை விற்கப் போனால் விலை இறங்கும். அதனாலேயே இதைத் தள்ளி வைக்கிறேன்.

இ.எம்.ஜி. நிறுவனத்தின் எஸ்.ஏ. போன்ற ஆக்டிவ் பிக்கப்புக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. பிரிட்ஜிலிருந்து எர்த்துக்குப் போகும் வயரை எடுத்துவிடச் சொல்லி அந்த நிறுவனமே குறிப்பு தருகிறது. எர்த் சரியில்லாத மேடையில் கம்பி வழியாகக் கைக்கு ஷாக் வரும் பாதை அங்கே அறுபடுகிறது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஆனால் வாலியூம், டோன் பாட்களை (குமிழுக்குக் கீழுள்ள மாறு மின்தடைகளை) 25 கே-வுக்கு, அதாவது 25 கிலோ ஓமுக்கு, மாற்ற வேண்டும், ஸ்டீரியோ ஜாக் வேண்டும், 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் தேட வேண்டும். கேபிளைச் சொருகியே விட்டால் பேட்டரி இறங்கும். கிட்டாரில் கமகம் இழுப்பவர்களுக்கு விரலின் அழுத்த வேறுபாடு இதில் கொஞ்சம் சமனாகிவிடுவதாக என் காதுக்குப் படுகிறது. இன்னொரு ஆக்டிவ் வகையான ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸை மேடையில் கேட்ட அளவு குறைவு, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லவில்லை.

சிங்கிள் அளவில் வரும் இரைச்சல் அடக்கும் பிக்கப்பிலும் இரண்டு ஜாதி. ஸ்டாக் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு காயில். மேல் காயில் கம்பியைக் கேட்கிறது, கீழ்க் காயில் இரைச்சலை வாங்கி எதிர்த்திசையில் கொடுத்து அழிக்கிறது. டிமார்ஸியோ ஏரியா 61, ஃபெண்டர் நாய்ஸ்லெஸ் எல்லாம் இந்த வழிதான். சிங்கிள் காயிலுக்கு மிக நெருங்கிய ஒலி இதில்தான். கீழ்க் காயிலும் கம்பியைக் கொஞ்சம் கேட்டுவிடுவதால் மேல்நுனிப் பளபளப்பு லேசாகக் குறையும். மீட்டரில் ஓம் கணக்கு அதிகம் காட்டுவதால் ஒலியும் பெரிதாக இருக்கும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். இரண்டு காயிலின் தடையும் சேர்ந்து தெரிகிறது, அவ்வளவுதான்.

ரெயில் என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு ஒல்லிக் காயில்களும், தனித்தனித் துருவத்துக்குப் பதில் நீளவாக்கில் ஓடும் இரும்புப் பட்டையும். சீமோர் டங்கன் ஹாட் ரெயில்ஸ், டிமார்ஸியோ ஃபாஸ்ட் டிராக் இந்த வகை. நம் ஊர் வாசிப்புக்கு இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. கம்பியைப் பக்கவாட்டில் ஒன்றரை, இரண்டு ஸ்வரம் இழுத்தால், தனித்துருவ பிக்கப்பில் கம்பி துருவத்தை விட்டு விலகி ஒலி சற்று இறங்கும். பட்டை இடைவெளியில்லாமல் ஓடுவதால் ரெயிலில் அந்த இறக்கம் இல்லை. நாதஸ்வரப் பிடிகளைக் கிட்டாரில் கொண்டுவர முயல்பவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

ஆகவே என் பரிந்துரை: பிரிட்ஜில் ரெயில், நடுவிலும் நெக்கிலும் ஸ்டாக். ரெயிலில் ஹாட் ரெயில்ஸ் அளவுக்கு எகிறுவது வேண்டாம். சுவிட்சைத் தட்டியதும் ஒலி தூக்கிக்கொண்டு போகும், மிக்ஸரில் இருப்பவர் ஃபேடரை இறக்கிவிடுவார். ஃபாஸ்ட் டிராக் 2-ஐ விட 1 மென்மையானது, அந்த அளவு சரி.

காசு இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் என்று பிரிட்ஜை மட்டும் மாற்றுபவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். முன்பு அமைதியாக இருந்த பிரிட்ஜ்-நடு நிலை இப்போது இரையத் தொடங்கும். புதிய பிக்கப் தன் இரைச்சலைத் தானே அழித்துக்கொள்கிறது. நடு பிக்கப்பின் இரைச்சலை அழிக்க ஜோடி இல்லாமல் போய்விடுகிறது. பிக்கப் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

வாங்குமுன் உள்ளறையின் ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஸ்டாக் பிக்கப் உயரம் கூடியது, உடல் மெலிந்த கிட்டார்களில் அடியில் முட்டும். பொருத்தும்போது 30 முதல் 40 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம் போதும். வாலியூம் பாட்-இன் முதுகில் எர்த் வைக்கும்போது அந்த இடத்தை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஈயம் உருண்டு நிற்கும், பிடிக்காது. அயர்னை நீண்ட நேரம் அழுத்தினாலும் பாட் உள்ளே கெடும்.

வயர் நிறத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நான்கு வயர் பிக்கப்பில் டங்கனுக்குக் கறுப்பு ஹாட் (ஒலி போகும் வயர்). சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். பச்சையும் வெறுங்கம்பியும் எர்த்துக்கு. டிமார்ஸியோவுக்குச் சிவப்பு ஹாட். கறுப்பும் வெள்ளையும் சேரும். பச்சையும் வெறுங்கம்பியும் எர்த்துக்கு. இரண்டு கம்பெனி பிக்கப்பைக் கலந்தால் ஃபேஸ் (ஒலியலையின் திசை) மாறக்கூடும். மாறினால் 2, 4 நிலைகளில் அடித்தொனி காணாமல் போய் மூக்கால் பேசுவது போலக் கேட்கும். பொருத்துமுன்பே சோதிக்கலாம். மல்டிமீட்டரை 20 கே ஓமில் வைத்து, சிவப்பு முனையை ஹாட்டிலும் கறுப்பு முனையை எர்த்திலும் பிடித்து, ஸ்க்ரூடிரைவர் முனையைப் பிக்கப்பின் முகத்தில் வையுங்கள். எண் ஒரு கணம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். எல்லா பிக்கப்பும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அதன் ஹாட்டையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். வெறுங்கம்பி மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும்.

ஸ்டாக்குக்கு 250 கே வாலியூம் பாட் சரி. ரெயிலுக்கு அது கொஞ்சம் மந்தம் தட்டும். பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜுக்கு டோன் இணைப்பு இல்லை, அதை அப்படியே விட்டால் மந்தம் பெரும்பாலும் நேராகிவிடும், 500 கே-வுக்கு அலைய வேண்டாம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, பிக்கப் முகத்துக்கும் கம்பிக்கும் தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். நெக்கில் காந்தத் தண்டை மேலும் நெருக்கினால் அது கம்பியை இழுக்கும். மேல் ஃப்ரெட்களில் சுருதி அலையும், ட்யூனரைக் குறை சொல்லிப் பயனில்லை.

காப்பர் ஃபாயில் ஒட்டும்போது பசைப்பக்கமும் மின்சாரம் கடத்தும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு துண்டும் மற்றதோடு ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும், முழுவதும் எர்த்தோடு சேர வேண்டும். சுவிட்சின் முனையோ ஜாக்கின் ஹாட்டோ ஃபாயிலில் உரசினால் கிட்டார் ஊமையாகிவிடும். அந்த இடங்களில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ரெயிலின் இரும்புப் பட்டை துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியில் சிலிகா ஜெல் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையையும் தாண்டிவிடும். அக்னி நட்சத்திரத்தில் மூடிய வேனுக்குள் கிட்டாரை விடாதீர்கள். காயிலைக் கட்டிக் காக்கும் பாரஃபின் மெழுகு 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும். மெழுகு கலைந்த பிக்கப் அதிக ஒலியில் கீச்சிடும்.

கழற்றிய பழைய பிக்கப்புகளை பிக்கார்டோடும் வயரிங்கோடும் அப்படியே எடுத்து வைக்க முடிந்தால் நல்லது. புதிய செட்டை அதே துளை எண்ணிக்கையுள்ள வேறொரு பிக்கார்டில் ஏற்றலாம். வாங்குமுன் பழையதை அதன் மேல் வைத்துத் துளைகள் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு தள்ளியிருக்கும். விற்கும் நாளில் எட்டு ஸ்க்ரூவோ பதினொரு ஸ்க்ரூவோ கழற்றிப் பழையதைத் திரும்பப் போட்டால் கிட்டார் ஒரிஜினல், பிக்கப் செட் உங்களுடையது.